அக்கா போனுக்குள்ள இருக்குற நாலு ரேடியோவையும் ஒத்துப்போக வச்ச கதை

போடில அக்கா வீடு மலை அடிவாரத்துப் பக்கம். பழைய வீடு, கீழ்த்தளத்துல சுவரே ஒன்றரை அடி கனம் இருக்கும், அதுக்கு மேல பிற்பாடு காங்கிரீட் போட்டு ஒரு மாடி எடுத்தாங்க, அதனால கீழ நடு ரூம்ல போன் சிக்னல் ஒத்தக் கோடு நின்னாலே பெருசு. அக்காவுக்கு மெடிக்கல் கோடிங் வேலை, வீட்டுல இருந்தே தான் பாக்குறா. டீம் லீடு கூப்பிட்டா லேப்டாப்பை அப்படியே போட்டுட்டு மொட்டை மாடிக்கு ஓடணும், மழை வந்தா படிக்கட்டுல உக்காந்து பேசணும், ஆறு மாசமா இதே பாடு. வீட்டுல ஃபைபர் நெட் இருக்கு, வைஃபை இருக்கு, போன்ல வைஃபை காலிங்னு ஒரு செட்டிங்கும் இருக்கு, எல்லாம் இருந்தும் ஒண்ணும் வேலைக்கு ஆகல.

"டேய் தம்பி, உன் மச்சான் புது போன் வாங்கிக்கோன்னு சொல்றாரு, எனக்கு மனசு வரலடா, நல்லா தான இருக்கு, நீ ஒரு தடவ வந்து பாத்துட்டு சொல்லு"ன்னா. போன சனிக்கிழமை டூல் கிட்டை பையில போட்டுக்கிட்டு மதுரைல பஸ் ஏறிட்டேன். நான் எட்டு வருஷம் சர்வீஸ் பெஞ்சுல உக்காந்தவன், இப்ப வேற வேலைல இருக்கேன், ஆனா ட்வீசரை எடுத்தா இன்னும் கை நடுங்காது.

அக்காவுக்கு வேணும்ங்கிறது என்னன்னு முதல்ல கேட்டு எழுதிக்கிட்டேன். வீட்டுக்குள்ள இருக்குறப்ப கால் வைஃபைல போகணும், பேசிக்கிட்டே வாசலுக்குப் போனா கட் ஆகாம 4ஜிக்கு மாறிக்கணும், ப்ளூடூத் ஹெட்செட் விட்டு விட்டு கேக்கக் கூடாது, கரண்ட் போனா போன்லயே ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்ல வேலை ஓடணும். இது போக மச்சானுக்கு ஒரு குறை, அவரு ஏலக்காய் வியாபாரம், போடிமெட்டு வழியா மேல போறப்ப அக்கா போனை எடுத்துட்டுப் போவாரு, மேப்பு வழி காட்டவே மாட்டேங்குதுன்னாரு. கேக்குறதுக்கு அஞ்சு தனித்தனி கம்ப்ளைன்ட் மாதிரி இருக்கு. ஆனா போனுக்குள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சவங்களுக்கு இது தனித்தனி கிடையாது.

போன் ஒண்ணு தான், உள்ள ரேடியோ நாலு. டவரோட பேசுற மோடம் ஒண்ணு, வைஃபை ஒண்ணு, ப்ளூடூத் ஒண்ணு, ஜிபிஎஸ் ஒண்ணு. ஜிபிஎஸ் காது மட்டும் தான், வாய் கிடையாது, மேல இருந்து வர்ற சிக்னலை வாங்கிக்கும், திருப்பி எதுவும் அனுப்பாது. நாலும் ஒரு உள்ளங்கை அகலத்துல பக்கத்துப் பக்கத்துல உக்காந்திருக்கு. நான் 2010ல வேலைக்குச் சேந்தப்ப ஒரு பக்கம் சிடிஎம்ஏ ஒரு பக்கம் ஜிஎஸ்எம்னு ரெண்டு வேற வேற நெட்வொர்க் முறைக்கு ரெண்டு சிம் போடுற போனுங்க வரும், அதுல ஒரு கம்பெனிக்காரன் ரெண்டு போனை ஒரே டப்பாவுக்குள்ள வச்சு மூடின மாதிரியே இருக்கும், இதுக்கு ஒரு ஆண்டெனா அதுக்கு ஒரு ஆண்டெனா, ஒண்ணு செத்தா இன்னொண்ணு பாட்டுக்கு ஓடும். இப்ப அப்படி இல்ல, எல்லாம் பங்கு. ஒரே கிணத்துல நாலு வீட்டுக்காரங்க தண்ணி எடுக்குற மாதிரி. யார் யாரோட பங்குன்னு தெரியாம வேலை பாத்தா ஐசியை, அதாவது சிப்பை மாத்து, போர்டை மாத்துன்னு செலவு தான் ஏறும்.

போன் கைக்கு வந்ததும் ஸ்க்ரூ டிரைவரைத் தொடாதீங்க. முதல்ல எது வேலை செய்யுது எது செய்யலன்னு பாருங்க, அதுலயே பாதி விடை இருக்கும். நடு ரூம்ல பீரோ மேல தான் ரவுட்டர், அதுல இருந்து மூணு மீட்டர்ல என் போனையும் அக்கா போனையும் பக்கத்துல பக்கத்துல வச்சு சிக்னல் பாக்குற ஆப்பைத் திறந்தேன். என் போன்ல மைனஸ் 48 டிபிஎம், அக்கா போன்ல மைனஸ் 76. டிபிஎம்ங்கிறது சிக்னல் பலத்தோட அளவு, மைனஸ் நம்பர் பெருசாக பெருசாக சிக்னல் கம்மி. கோடு கணக்குல பாத்தா ரெண்டு கோடு கம்மி, அவ்ளோ தான். ஆனா 28 டிபி வித்தியாசம்னா சிக்னல் 600 மடங்குக்கு மேல கம்மியா உள்ள போகுதுன்னு அர்த்தம். மூணு மீட்டர்ல இந்த நிலைமைன்னா அடுத்த ரூம்ல சொல்லவே வேண்டாம்.

அடுத்து மொட்டை மாடிக்குப் போய் ஜிபிஎஸ். என் போன் அரை நிமிஷத்துல இடத்தைப் புடிச்சிருச்சு, அக்கா போன் அஞ்சு நிமிஷம் வானத்தைப் பாத்துட்டு கெடந்துச்சு, நாலு சாட்டிலைட் லேசா தெரியுது, ஒண்ணையும் புடிக்கல. ப்ளூடூத் ஹெட்செட்டை மாட்டி போனை பேன்ட் பின் பாக்கெட்ல வச்சா பாட்டு கொர கொரங்குது. ஆனா டவர் சிக்னல் மட்டும் மாடில ரெண்டு போன்லயும் ஏறக்குறைய ஒண்ணு போல மைனஸ் 90 பக்கம்.

இப்ப கணக்கு நேராயிருச்சு. வைஃபை, ப்ளூடூத், ஜிபிஎஸ் மூணும் சேந்து நோவுல இருக்கு, மோடம் மட்டும் நல்லா இருக்கு. நிறைய போன்ல வைஃபையும் ப்ளூடூத்தும் ஒரே சிப், ஒரே ஆண்டெனா. ஜிபிஎஸ் 1575.42 மெகாஹெர்ட்ஸ், வைஃபை 2400க்கு மேல, ரெண்டும் தள்ளித் தள்ளி இருக்குறதால அதையும் அதே ஆண்டெனாவுல கட்டிவிட்டு உள்ள ஒரு சின்ன ஃபில்டர் வச்சு பிரிச்சுக்குவாங்க. டவருக்கான மெயின் ஆண்டெனா பெரும்பாலும் கீழ சார்ஜிங் போர்டு பக்கம், தனியா. அதனால மூணும் ஒரே நேரத்துல மூணு நோய் வந்து படுத்திருக்காது, மூணும் வந்து சேர்ற அந்த ஒரு இடத்துல தான் கோளாறு இருக்கணும்.

"அக்கா, இந்தப் போனை எப்பவாச்சும் கழட்டி வேலை பாத்தாங்களா?"

"டிஸ்ப்ளே ஒடஞ்சு மாத்துனோம்டா, தீபாவளிக்கு முந்தி. ஏன், அதுல எதும் பண்ணிட்டாங்களா?"

"மேப்பு எப்ப இருந்து தகராறு?"

அக்கா கொஞ்ச நேரம் யோசிச்சா. "உன் மச்சான் சொல்ல ஆரம்பிச்சதும் அந்தப் பொங்கலுக்குத் தான்..."

ப்ளோயர் கொண்டு போகல, அக்கா ஹேர் டிரையர் இருந்துச்சு, அதையே நாலு ஓரமும் சுத்திச் சுத்தி காட்டினேன், கை வச்சா சுடுற அளவு போதும், அதுக்கு மேல சூடு ஏத்தினா பேட்டரிக்கு ஆகாது. பிக்குங்கிற தட்டை பிளாஸ்டிக் துண்டை ஓரத்துல விட்டு மெதுவா ஓட்டினா பேக் பேனல் வந்துரும், ஆனா பின்னாடி ஃபிங்கர் பிரின்ட் இருக்குற போன்ல படக்குனு தூக்கிராதீங்க, உள்ள ஒரு ஸ்ட்ரிப் ஒட்டிக்கிட்டு வரும், அதைக் கிழிச்சா புதுசா ஒரு செலவு. மேல இருக்குற பிளாஸ்டிக் கவருக்கு ஸ்க்ரூ எல்லாத்தையும் கழட்டி, எது எங்க இருந்துச்சோ அதே மாதிரி ஒரு பேப்பர்ல வரிசையா வச்சேன், நீள ஸ்க்ரூவை குட்ட ஸ்க்ரூ எடத்துல போட்டா போர்டைக் குத்திரும். கவரை எடுத்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரை விடுவிக்கிறது. அதுக்கு அப்புறம் தான் மத்தது.

போர்டோட இடது மேல் மூலைல மூணு ஸ்பிரிங் காண்டாக்ட் இருக்கு. அரிசில பாதி இருக்கும், வளைஞ்ச தகடு, மூக்குல தங்க முலாம். பிளாஸ்டிக் கவரோட உள் பக்கம் ஆண்டெனா கோடு மாதிரி ஓடுது, கவரை மூடினா அந்தக் கோட்டோட பேட் இந்த ஸ்பிரிங் மூக்குல வந்து உக்காரணும். லூப்பை, அதாவது சின்ன பூதக்கண்ணாடியை கண்ணுல வச்சுப் பாத்தா ரெண்டு ஸ்பிரிங் மினுங்குது, மூணாவது கண்ணுக்கே தெரியல. அது மேல கருப்பு டபுள் டேப் ஒரு துண்டு, ரெண்டு மில்லிமீட்டர் அகலம் தான் இருக்கும், குறுக்க ஒட்டிக் கெடக்கு. டிஸ்ப்ளே ஓரத்துக்கு ஒட்டுற டேப் அது, வேலை பாத்தவங்க கத்தரிச்ச மிச்சம் எப்படியோ அங்க போய் ஒட்டியிருக்கு, அது மேலயே கவரை வச்சு ஸ்க்ரூவை இறுக்கியிருக்காங்க. டேப்பை ட்வீசர்ல உரிச்சப்ப அடில ஸ்பிரிங் மூக்கு தரையோட தரையா படுத்திருந்துச்சு, அடிப்பக்கம் லேசா பச்சை பூத்திருந்துச்சு. இந்தச் சின்ன துண்டுக்காக அக்கா ஆறு மாசம் படியேறி எறங்கியிருக்கா, பாத்ததும் எனக்கு வயிறு எரிஞ்சுச்சு. மூடுறதுக்கு முந்தி பத்து செகண்ட் உள்ள பாத்திருந்தா போதும்.

நடுவுல டேப் இருந்தும் வைஃபை ஏன் கொஞ்சமாச்சும் வேலை செஞ்சுச்சுன்னு கேக்கலாம். அவ்ளோ உயர்ந்த அலைவரிசைல சின்ன இடைவெளியத் தாண்டியும் கொஞ்சம் சிக்னல் போயிரும், கெப்பாசிட்டர் மாதிரி. அதனால தான் சுத்தமா சாகாம இழுத்துக்கிட்டு கெடந்துச்சு. இந்த மாதிரி அரை உசுரு கேஸ் தான் ஆளை ஏமாத்தும், வைஃபை ஆன் ஆகுது, நெட்வொர்க் பேரு தெரியுது, அப்ப ரவுட்டர் தான் சரியில்லன்னு சொல்லி அனுப்பிருவாங்க.

ஐபிஏவ, அதாவது சுத்தம் பண்ற ஆல்கஹாலை, பழைய டூத் பிரஷ்ல தொட்டு ஸ்பிரிங்கையும் கவர் பேடையும் துடைச்சேன், பேடு மேல டேப் கோந்து இருந்துச்சு, அதுக்கு மட்டும் பென்சில் அழிரப்பரை மெதுவா தேச்சு மறுபடி ஐபிஏ. அப்புறம் ட்வீசர் நுனியை ஸ்பிரிங்குக்கு அடில விட்டு அரை மில்லிமீட்டர் தூக்கினேன். ஒரே தூக்கா தூக்கக் கூடாது, தூக்கு, பாரு, தூக்கு, பாரு. பக்கத்து ஸ்பிரிங் உயரத்துக்கு வந்தா போதும், அதுக்கு மேல போனா வேரோட ஒடஞ்சிரும், ஒடஞ்சா மைக்ரோஸ்கோப்புக்கு அடில புதுசு வச்சு சால்டர் பண்ணணும், அக்கா வீட்டு டைனிங் டேபிள்ல அது நடக்காது. இன்னொண்ணு, இந்த ஆண்டெனா பேடை மல்டிமீட்டர்ல வச்சா கிரவுண்டோட பீப் அடிக்கலாம், ஷார்ட்னு பயந்துராதீங்க, நிறைய போன் ஆண்டெனாவோட டிசைனே ஒரு முனையை கிரவுண்ட்ல கட்டுறது தான்.

திறந்தது திறந்தாச்சுன்னு கீழ இருந்து மேல வர்ற ஆண்டெனா கேபிளையும் ரெண்டு பக்கமும் விரல் நுனில அழுத்திப் பாத்தேன், டிக்குனு உக்காந்து தான் இருந்துச்சு. மூடுறதுக்கு முந்தி பேட்டரியை மட்டும் மாட்டி, கவரை நாலு ஸ்க்ரூவோட வச்சு டெஸ்ட் பண்ணினேன். அதே இடம், அதே மூணு மீட்டர், மைனஸ் 50. மாடிக்குத் தூக்கிட்டுப் போனேன், ஒரு நிமிஷம் ஆகல, ஜிபிஎஸ் புள்ளி வந்து வீட்டு மேல உக்காந்துருச்சு. எறங்கி வந்து பி-7000 கம் போட்டு பேக் பேனலை ஒட்டி ரப்பர் பேண்டு சுத்தி ரெண்டு மணி நேரம் வச்சேன்.

வைஃபை கெட்டியாச்சு, ஆனா வைஃபை காலிங் வரல. செட்டிங் ஆன்ல இருக்கு, 4ஜிலயே குரலைக் கொண்டு போற வோல்ட்டியும் ஆன்ல இருக்கு, மேல அந்த சின்னம் மட்டும் வரவே இல்ல. இங்க அடியில என்ன நடக்குதுன்னு கொஞ்சம் சொல்லணும். வைஃபை காலிங்னா வாட்ஸ்அப் கால் மாதிரி கிடையாது, போன் உங்க வீட்டு நெட் வழியா சிம் கம்பெனியோட ஒரு கேட்டு வரைக்கும் பூட்டுப் போட்ட ஒரு சுரங்கம் தோண்டும், இபிடிஜின்னு அந்தக் கேட்டுக்குப் பேரு. சிம்முல இருக்குற ரகசிய சாவிய வச்சு தான் உள்ள விடுவாங்க. உள்ள போயிட்டா அந்தக் கம்பெனிக்கு நீங்க டவர்ல இருந்து பேசுற ஆளு மாதிரியே தான், அதே நம்பர், அதே பில். அந்தச் சுரங்கம் யுடிபி 500, 4500னு ரெண்டு போர்ட்ல, அதாவது நெட்டுல நம்பர் போட்ட ரெண்டு வாசல் வழியா போகும். நடுவுல ரவுட்டர் அதை மறிச்சா சத்தமே இல்லாம தோத்துரும், ஒரு எரர் கூட காட்டாது.

ரவுட்டர் தான் காரணமான்னு பாக்க ஈஸியான வழி, அக்கா போனை என் போன் ஹாட்ஸ்பாட்ல கனெக்ட் பண்ணினேன். இருபது செகண்ட்ல சின்னம் வந்துருச்சு. அப்ப போனும் சுத்தம் சிம்மும் சுத்தம். ரவுட்டர் பேஜ்ல போய்ப் பாத்தா ஃபயர்வால் ஹைல கெடக்கு, இந்த மாதிரி சுரங்கத்தை உள்ள விடுற ஐபிசெக் பாஸ்த்ரூ ஆஃப்ல கெடக்கு. மீடியம் வச்சு, பாஸ்த்ரூவை ஆன் பண்ணி, ரீஸ்டார்ட். வேலை முடிஞ்சுச்சு. கனெக்ஷன் கொடுத்தவங்க வச்சுட்டுப் போன செட்டிங் அது, யாரும் தொட்டதே இல்ல.

இந்த யோசனை ஒண்ணும் புதுசு இல்ல. பிரிட்டன்ல பிடி கம்பெனி 2005லயே ஃப்யூஷன்னு ஒண்ணு விட்டாங்க, வீட்டுக்குள்ள இருக்குறப்ப போன் ப்ளூடூத் வழியா பிராட்பேண்ட் பெட்டியைப் புடிச்சு பேசும், வெளிய போனா ஜிஎஸ்எம்க்கு மாறிக்கும். அதே காலத்துல மொபைல் நெட்வொர்க்குக்கு விதிமுறை வகுக்குற 3ஜிபிபி அமைப்பு இதுக்கு ஒரு ஸ்டாண்டர்டும் போட்டுட்டாங்க, 2007ல அமெரிக்கால டி-மொபைல் அதை வைஃபைல கொண்டு வந்தாங்க. நம்ம ஊருக்கு 2019 டிசம்பர்ல ஏர்டெல், 2020 ஜனவரில ஜியோ. பிரிட்டன்ல ஆரம்பிச்ச அந்தக் காலத்துல சிம் கம்பெனி நெட்வொர்க்கே ஜிஎஸ்எம், அதுல சர்க்யூட் கால், அதாவது பேசி முடிக்கிற வரைக்கும் ஒரு லைனையே ஒதுக்கி வைக்கிற முறை, அதைக் கொண்டு வந்து இன்டர்நெட் மேல ஒட்ட வைக்கிறது கிட்டத்தட்ட வித்தை மாதிரி. இப்ப வோல்ட்டியே இன்டர்நெட் மாதிரி துண்டு துண்டா, பாக்கெட்டா தான் போகுது, அதனால ரெண்டு பக்கமும் ஒரே பாஷை.

அந்த ஒரே பாஷை தான் நடந்துக்கிட்டே பேசுறதுக்கு உதவுறது. குரல் 20 மில்லிசெகண்டுக்கு ஒரு பாக்கெட், செகண்டுக்கு 50. வைஃபைல இருந்து 4ஜிக்கு மாறுறப்ப கம்பெனிப் பக்கம் ஒரே பெட்டி தான் ரெண்டு வழிக்கும் முனை, போனோட ஐபி அட்ரஸ் மாறாது, பாக்கெட் வர்ற ரோடு மட்டும் மாறும், அதனால எதிர்ல பேசுறவங்களுக்குத் தெரியாது. ஆனா இதுக்கு வெளிய 4ஜி இருக்கணும், வெளிய 2ஜி மட்டும் தான்னா எங்க கேஸ்ல கால் அங்கயே முறிஞ்சிரும், அந்த பாஷை வேற.

மச்சானை லைன்ல வச்சுக்கிட்டு அக்கா நடு ரூம்ல இருந்து வாசக்கேட்டு வரைக்கும் நடந்தா. முதல் தடவ ஆறு செகண்ட் மௌனம், அப்புறம் வந்துச்சு. ரெண்டாவது தடவ கட். மூணாவது கட். நான் கூடவே ஆப்பைத் திறந்து வச்சுக்கிட்டு நடந்தேன். நடையில, அதாவது ரேழில, வைஃபை மைனஸ் 84க்கு எறங்கிருது, அதே இடத்துல டவர் சிக்னலும் மைனஸ் 116. ரெண்டும் செத்த இடம் அது, நாலு மீட்டர் நீளத்துக்கு. கை மாத்திக் குடுக்கணும்னா குடுக்குற கையும் வாங்குற கையும் ஒரே இடத்துல எட்டணும்ல, இங்க ரெண்டு கையும் எட்டல. செட்டிங்ல மொபைல் நெட்வொர்க் முதல்லன்னு மாத்திப் பாத்தேன், அது இன்னும் மோசம், நடு ரூம்ல இருக்குற அந்த ஒத்தக் கோட்டைப் புடிச்சுக்கிட்டு வைஃபை பக்கமே வர மாட்டேங்குது. திருப்பி வைஃபை முதல்லன்னே வச்சுட்டேன்.

மாத்த வேண்டியது போன் இல்ல, ரவுட்டர் இருந்த இடம். இரும்பு பீரோ மேல, சுவரு மூலைல வச்சிருந்தாங்க, ஒரு பக்கம் பூரா இரும்பு. ஃபைபர் ஒயர் சுருட்டி வச்சது ரெண்டு மீட்டர் மிச்சம் இருந்துச்சு, அதைக் கூர்மையா மடிக்காம பெரிய வளைவா கொண்டு வந்து, ரேழியப் பாத்த ஜன்னல் மாடத்துல ரவுட்டரை வச்சேன். இப்ப ரேழி முனைல வைஃபை மைனஸ் 66, கேட்டைத் தாண்டி தெருவுல தான் 80க்கு எறங்குது, அங்க 4ஜி மைனஸ் 95ல நல்லா நிக்குது. ரெண்டும் சேந்து கெடைக்குற இடம் ஒரு பத்தடிக்கு வந்துருச்சு. அஞ்சு தடவ போயிட்டு வந்தா, அஞ்சு தடவையும் கட் ஆகல, மாறுறப்ப ஒரு சின்ன டிக் சத்தம் மட்டும் கேக்குதுன்னு மச்சான் சொன்னாரு.

ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்கு கரண்ட் போச்சு, மெயின்டனன்ஸ் ஷட்டவுன், சாயங்காலம் தான் வரும்னாங்க. எனக்கு நல்லதா போச்சு, ஹாட்ஸ்பாட் கம்ப்ளைன்ட்டை அப்ப தான பாக்க முடியும். அக்கா போன்ல ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பை சேத்தா நெட் வேகம் 3 எம்பிபிஎஸ், அதுவும் ஏறி எறங்கி. ஹெட்செட்டை மாட்டினா விட்டு விட்டு கேக்குது. ஆண்டெனா சரி பண்ணியாச்சு, பின்ன என்ன?

வைஃபையைக் கழட்டிட்டுப் பாருங்க, அதாவது அதே போன்ல யுஎஸ்பி கேபிளைப் போட்டு நெட்டை லேப்டாப்புக்குக் குடுத்தேன். 19 எம்பிபிஎஸ். அப்ப டவர் பக்கம் பழுது இல்ல, காத்துல லேப்டாப்புக்குப் போற அந்த ஒரு மீட்டர் தூரத்துல தான் தகராறு. டயலர்ல *#*#4636#*#* அடிச்சுப் பாத்தேன், எந்த சேனல்னு காட்டுற நம்பர் 38650க்கும் 39649க்கும் நடுவுல நிக்குது. பேண்ட் 40. பாத்ததும் புரிஞ்சு போச்சு.

பேண்ட் 40ங்கிறது 4ஜி டவரோட பேசுற அலைவரிசைல ஒரு துண்டு, 2300ல இருந்து 2400 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும். வைஃபை சேனல் 1 ஆரம்பிக்கிறதே 2401ல. ப்ளூடூத் 2402ல இருந்து 2480 வரைக்கும். நடுவுல காம்பவுண்டு சுவரே இல்லாத ரெண்டு வீடு. டவர் தூரமா இருந்தா போன் முழு பவர்ல கத்தும், 23 டிபிஎம், 200 மில்லிவாட். அதே நேரம் நாலு விரக்கடை தள்ளி இருக்குற வைஃபை ஆண்டெனா மைனஸ் 70ல வர்ற லேப்டாப்போட பதிலுக்குக் காதைக் குடுத்துட்டு உக்காந்திருக்கு. கத்துற சத்தத்துக்கும் கேக்க வேண்டிய சத்தத்துக்கும் 93 டிபி வித்தியாசம், 200 கோடி மடங்கு. இதுக்குன்னே பேண்ட் ஓரத்துல செங்குத்தா வெட்டுற ஃபில்டருங்க போனுக்குள்ள வைப்பாங்க, அது இல்லாம இந்த ரெண்டையும் ஒரே டப்பாவுல வைக்கவே முடியாது, ஆனா எந்த ஃபில்டரும் ஒரு மெகாஹெர்ட்ஸ் இடைவெளில கத்தி மாதிரி வெட்டிராது, போன் சூடானா அந்த ஓரமும் லேசா நகரும்.

நான் நினைக்கிறது சரியான்னு பாக்க போனையும் லேப்டாப்பையும் தூக்கிட்டு மாடிக்குப் போனேன். அதே பேண்ட் 40, அதே 2.4 ஹாட்ஸ்பாட், 17 எம்பிபிஎஸ் வருது, ஹெட்செட்டும் தெளிவா பேசுது. மாடில டவர் நல்லா கேக்குறதால போன் கத்த வேண்டிய அவசியம் இல்ல, டவரே சத்தத்தைக் கொறச்சுக்கோன்னு சொல்லிரும், மெல்ல பேசுது, வைஃபை காதுல விழல. கீழ வந்தா மறுபடி கத்தல். சிக்னல் கம்மியான வீட்டுல வைஃபையும் ப்ளூடூத்தும் சேந்து கெடுறதுக்கு இதுவும் ஒரு காரணம், ஆனா சிக்னல் கோட்டைப் பாத்தா அது தெரியாது.

ஹாட்ஸ்பாட் செட்டிங்ல பேண்டை 5 கிகாஹெர்ட்ஸ்னு மாத்தினேன். கீழயே, அதே மேஜைல, 18 எம்பிபிஎஸ். யுஎஸ்பில வந்ததுக்கு ஒண்ணு தான் கம்மி. 5 கிகாஹெர்ட்ஸ் இந்தக் கனத்த சுவரைத் தாண்டாது, அதனால போனும் லேப்டாப்பும் ஒரே ரூம்ல இருக்கணும், அக்காவுக்கு அது பிரச்சனை இல்ல. ப்ளூடூத்துக்கு வேற வீடு கிடையாது, அது 2.4ல தான் இருந்தாகணும். ஆனா அதுக்கு ஒரு சாமர்த்தியம் உண்டு, 79 சேனல்ல செகண்டுக்கு 1600 தடவ தாவிக்கிட்டே இருக்கும், எந்தச் சேனல்ல இரைச்சலோ அதை விட்டுட்டு மத்ததுல தாவும். 2.4ல ஹாட்ஸ்பாட்டும் இருந்தப்ப அதுவும் இதுவும் ஒரே ஆண்டெனாவை மாத்தி மாத்தி வாங்க வேண்டியிருந்துச்சு, ஒரு பக்கம் பேண்ட் 40 வேற அமுக்குது, பாவம் தாவ எடம் எங்க இருக்கு. இப்ப மேல் பக்கம் பூரா அதுக்குத் தான். ஹெட்செட்டை மாட்டிக்கிட்டு அக்கா ஒரு மணி நேரம் வேலை பாத்தா, ஒரே ஒரு தடவ லேசா கொர்ருன்னுச்சுன்னா.

கையோட கரண்ட் வந்ததும் ரவுட்டரோட 2.4 சேனல் ஆட்டோல 1ல நின்னதை 11க்கு மாத்திட்டேன், பேண்ட் 40 ஓரத்தை விட்டு எவ்ளோ தள்ளிப் போனாலும் நல்லது தான். மச்சான் ரவுட்டருக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் வாங்கிட்டு வந்துட்டாரு, சின்ன கரண்ட் கட்டுக்கு இனி ஹாட்ஸ்பாட்டே தேவைப்படாது.

ஒண்ணு மட்டும் என்னால சரி பண்ண முடியல. ஒரு சிம்ல பேசிக்கிட்டு இருக்குறப்ப இன்னொரு சிம்முக்குக் கூப்பிட்டா சுவிட்ச் ஆஃப்னு வருதுன்னு அக்கா சொன்னா. சிம் ரெண்டு இருந்தாலும் டவரோட பேசுற ரேடியோ இந்தப் போன்ல ஒண்ணு தான், சும்மா இருக்குறப்ப ரெண்டுக்கும் மாத்தி மாத்திக் காது குடுக்கும், ஒண்ணுல பேச ஆரம்பிச்சா இன்னொண்ணை விட்டுரும். அது கோளாறு இல்ல, போனே அப்படித் தான். ரெண்டாவது சிம்ல லைன் கெடைக்கலன்னா முதல் சிம்முக்குத் திருப்பி விடுற ஃபார்வர்ட் போட்டு வச்சேன், கால் வெயிட்டிங்ல வந்துருது, இப்போதைக்கு ஓடுது.

மச்சானுக்கு போடிமெட்டு தாண்டி பூப்பாறை வரைக்கும் மேப்பை டவுன்லோட் பண்ணி வச்சுக் குடுத்தேன். ஜிபிஎஸ்க்கு டவர் தேவையில்ல, ஆனா படம் தேவை, மலைல சிக்னல் போற எடத்துல புள்ளி மட்டும் நிக்கும் ரோடு தெரியாது.

திங்கக்கிழமை காலைல மதுரைல நான் பல்லு தேச்சுக்கிட்டு இருந்தப்ப அக்கா போன் பண்ணினா. சும்மா தான், சாப்டியான்னு. பேசிக்கிட்டே இருக்குறப்ப அடுப்புல குக்கர் சத்தம், அப்புறம் செருப்புச் சத்தம், கேட்டு தாழ்ப்பாள் சத்தம், ஒரு டிக், அப்புறம் தெருவுல கீரைக்காரம்மா குரல். "அரைக்கீரை கட்டு எவ்ளோம்மா?"ன்னு அக்கா அவங்க கிட்ட கேக்குறா. நான் எதுவும் சொல்லல. "லைன்ல தான இருக்க?"ன்னு கேட்டா. இருக்கேன்க்கான்னேன்.